தன் பங்கு தன் முதுகில்

கடைச் சுவர் ஆணிகளில் தொங்கிய முதுகுப்பைகள் மொத்தம் பதினாலு. பூங்காவனம் இரண்டு தடவை எண்ணிவிட்டாள். எண்ண வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை, எண்ணிக்கொண்டிருந்தால் வேறு எதையும் நினைக்காமல் இருக்கலாமே என்றுதான். ஆனால் மனசு என்ன கட்டிப்போட்ட நாயா, சொன்ன இடத்தில் கிடக்க? ஆறு பச்சை, நாலு கறுப்பு, மூன்று இலையும் சருகும் அச்சடித்த துணி, ஒன்று கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேட்டைக்கு லாரி கிளம்பும். இன்று வெள்ளி. செவ்வாய்க்கிழமை ஈப்போ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிசல்ட். அதை எதற்கு இப்போது எண்ண வேண்டும், பைகளைத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள்? "ரிசல்ட் வந்த பெறகு பை வாங்கிக்கலாமே, என்ன அவசரம்?" என்று காலையில் பசியாறும்போது ஆறுமுகம் சொன்னார். கட்டிய புருஷன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரொட்டியைப் பருப்புக் குழம்பில் நனைத்து, நனைத்ததைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "ரிசல்ட்டா காட்டுக்குப் போவுது? நாந்தான போறேன்" என்று இவள் செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டர் சைக்கிளைக் கிளப்பிவிட்டாள். பதினோரு மாசமாக எல்லாமே பிறகுதான். பிறகு சாப்பிடலாம், பிறகு குளிக்கலாம், பிறகு தலைமுடி வளர்ந்துவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிறகு எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வழியில் மழை பிடித்துக்கொண்டது. சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்கு வரும்போது முட்டிவரை நனைந்திருந்தாள், அதனால் என்ன, நனைந்தால் காய்கிறது.

"எந்த மாதிரி பாக்கிற, பூங்கா?" கடை முதலாளி ஆ மெங், ஊருக்கெல்லாம் தவுக்கே, கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சீனர்தான், ஆனால் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர். தூண்டிலும் ரப்பர் பூட்ஸும் நாய்த்தீனியும் விற்கிற இந்தக் கடையில் அவர் தமிழில் பேரம் பேசினால் வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அறுபத்தெட்டு வயசு, இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், நடந்தால் கப்பலில் நடக்கிற மாதிரி இருக்கும். "காட்டுக்குத்தான், தவுக்கே. ஒருநாள் பை. காலைல போனா சாயங்காலம் வந்துருவோம்" என்றாள். "அப்ப முப்பது லிட்டரு போதும். தண்ணி, தோட்டா, பாராங் கத்தி, சோறு, வர்றப்ப கறி." பச்சைப் பையொன்றைக் கழற்றி அவள் தோளில் அவரே மாட்டிவிட்டார். வலது வார் சரியாக உட்கார்ந்தது. இடது வார் தோளிலிருந்து இறங்கி, ஒன்றும் இல்லாத அந்த இடத்தின் மேல் போனது. "முன்னாடி சின்னக் கொக்கி இருக்கு பாரு, நெஞ்சு வாரு. அத மாட்டு, அப்பத்தான் எடை சரியா ஒக்காரும்" என்றார். அவள் மாட்டவில்லை. கொக்கியின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, மழையைப் பார்ப்பதுபோல வாசலைப் பார்த்தாள். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகிவிடும்? முகம் மாறும். எல்லார் முகமும் ஒரே மாதிரி மாறுகிறது, அதுதான் அலுத்துப்போய்விட்டது, கேட்டவுடன் கண் நேராகக் கீழே இறங்கி மார்பைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மேலே ஏறுகிறது.

இடப்பக்கம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பதினோரு மாசத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், அக்குளுக்கு அடியிலிருந்தும் எதையோ சேர்த்து எடுத்துவிட்டார்கள். சின்ன வயசு மலாய் டாக்டர், தாளில் பேனாவால் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, அத்தை என்கிற மாதிரி மக்சிக், மக்சிக் என்று கூப்பிட்டு, வீட்டுக்கு வழி சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். இந்தக் கையில் ஊசி போடக்கூடாது மக்சிக், பிரஷர் பார்க்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கை வீங்கிப்போகும். கனம் என்றால் எவ்வளவு கனம் என்று பூங்காவனம் கேட்டாள். மார்க்கெட் பை மாதிரி, என்றாள் டாக்டர். காட்டுப்பன்றியின் பின்தொடை மார்க்கெட் பையில் சேர்த்தியா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. முதலில் ஆஸ்பத்திரியில், மார்புக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ள ஒரு பஞ்சு கொடுத்தார்கள். பஞ்சுக்குக் கனம் ஏது, நடக்க நடக்க மேலே ஏறிக் கழுத்தெலும்புப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் காற்று, முதுகு கோணிக்கொண்டு போனது. ஒருநாள் மத்தியானம் அவள் ஈரம் குடித்துக் கெட்டுப்போன தோட்டாக்களைப் பிரித்து, உள்ளேயிருந்த மிளகளவு ஈயக் குண்டுகளைக் கொட்டி, அடுப்படித் தராசில் நிறுத்து, வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, பஞ்சுக்கு நடுவில் வைத்து மூட்டிவிட்டாள். நன்றாக நின்றது. முதுகும் நிமிர்ந்தது. "வேட்டைக்காரி புத்தி போவுதா பாரு. காட்டுல தோட்டா தீந்துபோச்சுன்னா அத எடுத்துச் சுடுவியா?" என்று ஆறுமுகம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போனார். உள்ளே வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் அதை எடுத்துத் தட்டில் வைத்தாள், டங்கென்று சத்தம் கேட்டது, நர்ஸ் பயந்துபோய்விட்டாள். பூங்காவனத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

"புடிக்கலயா? வேற பாக்கலாம்" என்று ஆ மெங் பச்சையைக் கழற்றிக் கறுப்பை மாட்டினார். அதிலும் நெஞ்சு வார். எல்லாவற்றிலும் நெஞ்சு வார். யார் கண்டுபிடித்தது இதை, எந்த ஊர் ஆம்பிளை? பழைய பையிலும் இருந்தது. பழைய பையை நினைக்கக்கூடாது என்றுதான் பைகளை எண்ண ஆரம்பித்தாள், கடைசியில் அதில்தான் வந்து நிற்கிறது. ஏழு வருஷம் உழைத்த பை. போன வருஷம் பங்குனியில், ஆற்றோரம் சுட்ட பன்றியின் கறியைச் சுமந்து செம்பனைத் தோட்டம் வழியாக வரும்போது, இடது வார் படுகிற இடத்தில் சுருக்கென்றது. தடவிப் பார்த்தாள். மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வார் அறுத்து அறுத்துக் காய்த்துப்போயிருக்கிறது என்று நினைத்தாள். வேறு யாராவது பொம்பிளையாக இருந்தால், முதுகில் பை தூக்காத பொம்பிளையாக இருந்தால், அன்றைக்கே பதறிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியிருப்பாள். இவள் வாரில் ஒரு கைத்துண்டைச் சுற்றிக் கட்டினாள். அடுத்த வேட்டைக்கு இன்னொரு துண்டு. பையைத் திட்டினாள், ஆ மெங்கின் சரக்கைத் திட்டினாள். வேப்பெண்ணெய் கூடத் தடவினாள். நாலு மாசம். ஒரு மாசமா இரண்டு மாசமா, நாலு மாசம் அந்த வாருக்குத் துண்டு சுற்றிக்கொண்டிருந்தாள், அது உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லவில்லை, நல்ல பிள்ளை, வாயில் வந்ததை விழுங்கிவிட்டாள். விழுங்கினது இவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பையைக் கொல்லையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். பாவம், அது என்ன செய்தது? அதுதான் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுத்ததைக் கேட்காமல் இருந்தது யார்? இனிமேல் ஒரு வார் உறுத்தினால், வார் உறுத்துகிறதா வேறு ஏதாவது உறுத்துகிறதா என்று எப்படித் தெரியும்? தெரியாது. ஒவ்வொரு உறுத்தலுக்கும் நின்று நின்று யோசித்துக்கொண்டிருந்தால் காட்டுக்குள் ஐம்பது அடி போகமுடியாது. யோசித்துக்கொண்டே நடக்கவேண்டியதுதான்.

லாரியில் உட்கார்ந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தம்பி கதிரேசன் அதைத்தான் சொல்கிறான். வேட்டைக் குழுவில் ஏழு பேர், அவள் ஒருத்திதான் பொம்பிளை. பத்து ஏக்கர் செம்பனையைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற வாங்கிய துப்பாக்கி, லைசென்ஸ் அவள் பேரில், குறியும் அவளுடையதுதான் என்று கதிரேசனே கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வான். "நீ வாக்கா, வராம இருக்காத. லாரியில ஒக்காந்து வாக்கி டாக்கிய மட்டும் பாத்துக்க. ஒன் பங்க நான் தூக்கிட்டு வந்தர்றேன்." அன்பாகத்தான் சொன்னான், அதுதான் இன்னும் எரிந்தது. அவன் பங்கைத் தூக்குகிறானாம். அந்தக் குழுவில் அவனவன் பங்கை அவனவன்தான் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். தூக்காதவனுக்குப் பங்கு கிடையாது, தூக்க முடியாததை நாய்க்குப் போட்டுவிட்டு வரவேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார்? சாட்சாத் பூங்காவனம்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அப்போது குழுவில் இருந்த கோபாலுவுக்காகக் கொண்டுவந்தாள். கோபாலு நன்றாகத்தான் வருவான், நன்றாகத்தான் சாப்பிடுவான், பன்றியை அறுத்துக் கூறு போட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் இடுப்பு, ஒருநாள் முட்டி, ஒருநாள் பூட்ஸ் கடிக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்று அத்தனை பேர் முன்னாலும் இவள் எழுந்து, "இனிமே தூக்கறவனுக்குத்தான் கறி" என்றாள், எல்லாரும் கைதட்டினார்கள். கோபாலு அதோடு வேட்டைக்கு வருவதையே விட்டான். மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அவனுக்கு முதுகெலும்பில் நிஜமாகவே கோளாறு. ஆபரேஷன் பண்ணினார்கள். இவள் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்கவேண்டும். என்ன முகத்தோடு போவது? ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள். இப்போது அவளுக்காகச் சட்டத்தை வளைத்தால், அன்று கோபாலுவுக்கு வளைத்திருக்கலாமே என்று அந்த ஆறு பேரும் நினைப்பார்கள். வாயால் சொல்லமாட்டார்கள், பாவம் பொம்பிளை, சீக்காளி என்று கறியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பொட்டலத்தை வாங்குவதைவிட அவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

"தவுக்கே, அந்த நாய்த்தீனி மூட்ட எத்தன கிலோ?" "அஞ்சு." "ரெண்டு எடுத்து இதுக்குள்ள வையி." ஆ மெங் கேள்வி கேட்கவில்லை, வேட்டைக்காரர்கள் இப்படிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்தான். கறுப்புப் பையில் பத்துக் கிலோ ஏறியது. ஏழு பங்கில் ஒரு பங்கு எட்டுக் கிலோ வரும், பாராங்கும் தண்ணீரும் சேர்த்தால் பத்து. வலது கையால் தூக்கி, முட்டியில் நிறுத்தி, தோளில் ஏற்றினாள். கடைக்குள் நடந்தாள். தூண்டில் வரிசை, பூட்ஸ் வரிசை, கொசுவலை, திரும்பு. முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் இடது வார் நழுவி வெளியே போனது, கையால் இழுத்தாள், இழுத்ததும் அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு நரம்பு கம்பி மாதிரி விறைத்தது. தழும்பின் மேல் வார் உட்கார்ந்தது. அந்த இடத்தில் தொட்டால் தோலுக்கு ஒன்றும் தெரியாது, மரத்துக் கிடக்கும், ஆனால் அடியில் எங்கேயோ ஆழத்தில் தெரியும். இருக்கிற இடத்தில் வலி இல்லை, இல்லாத இடத்தில் வலி. காட்டில் இப்படி ஆனால்? ஓடையில் இறங்கும்போது கை மடங்கினால்? கதிரேசன் ஓடி வருவான், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லமாட்டான், சொல்லாமல் பையை வாங்கிக்கொள்வான். ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது. பயம் இல்லை என்று யார் சொன்னார்கள்? காயம்பட்ட ஆண்பன்றி புதரை உடைத்துக்கொண்டு நேரே வந்த அன்றைக்கும்தான் பயந்தாள், பயந்துகொண்டே சுட்டாள். பன்றி அவள் பூட்ஸ் முன்னால் வந்து விழுந்தது. பயப்படுகிறவள் சுடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மூன்றாவது சுற்று நடந்தாள்.

கைப்பேசி அடித்தது. கதிரேசன். எடுக்காமல் விடலாம், ஆனால் விட்டால் ஆறுமுகத்துக்கு அடிப்பான், அவர் பதறுவார். "எங்கக்கா இருக்க?" "ஆ மெங் கடையில. பை வாங்கறேன்." பின்னால் அவன் லாரி உறுமுவது கேட்டது. "அக்கா, நான் சொன்னத யோசிச்சியா? ஒனக்குப் பை எதுக்கு? லாரியில..." "கதிரு, கோபாலு நம்பரு ஒங்கிட்ட இருக்கா?" "கோபாலுவா? அவன் எதுக்கு இப்ப?" "ஞாயித்துக்கெழம அவன வரச் சொல்லு. வாக்கி டாக்கிய அவன் பாத்துக்கட்டும். பாக்கறதும் வேலதான், அவனுக்கும் ஒரு பங்கு. அந்தச் சட்டம் போட்டவ நாந்தான், மாத்தறவளும் நாந்தான். தப்பாப் போட்டுட்டேன்னு நானே அவங்கிட்டச் சொல்லிக்கிறேன்." "சரிக்கா, அப்ப நீயும் அதே மாதிரி லாரியில இருந்துக்கலாம்ல? பங்குதான் வந்துருதே." புத்திசாலிதான், கூடப் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான்? "லாரியில ரெண்டு பேரு எதுக்குடா? என்னால நடக்க முடியும். முடியாதுன்னா நான் சொல்வேன், நீ சொல்லாத." "தூக்க முடியலன்னா?" "முடியலன்னா எறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்கிட்டுத் தூக்குவேன். ராத்திரி ஆனாலும் காத்துக்கிட்டு நில்லு. எம் பையில மட்டும் கை வெச்ச, தம்பின்னும் பாக்கமாட்டேன்." அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் உடைந்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அழுகிறானா, சளியா? சளியாக இருக்கட்டும். அவள் வைத்துவிட்டாள்.

பேசி முடிக்கும்வரை பத்துக் கிலோவும் முதுகிலேயே இருந்தது. இறக்கி வைத்துவிட்டு இடது கையை வலது கையால் அமுக்கிவிட்டுக்கொண்டாள். ஆ மெங் பார்த்துக்கொண்டிருந்தார். "நெஞ்சு வாரு மாட்டுன்னு அப்பவே சொன்னேன். மாட்டாம நடந்தா அப்படித்தான் நழுவும்" என்றார். போதும், எத்தனை பேரிடம் எத்தனை நாளைக்கு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது? "மாட்ட முடியாது தவுக்கே. எனக்கு இடப்பக்கம் மார் இல்ல. கேன்சரு. எடுத்துட்டாங்க." சொன்னபிறகு அவர் கண்ணையே பார்த்தாள், இறங்குகிறதா என்று. இறங்கத்தான் செய்தது. இறங்கி, அவளுடைய மார்பில் நிற்காமல் இன்னும் கீழே போய், அவள் இடுப்பில் நின்றது. துணி வாங்குகிறவன் முழம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "இடுப்பு இருக்குதானே?" என்றார். பூங்காவனத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மூணு புள்ள பெத்த இடுப்பு, தவுக்கே. இருக்கு, நெறயவே இருக்கு." "அப்ப ஏன் தோள்ல தூக்கற?" என்று அவர் கோபமாகவே கேட்டார், ஏதோ அவள் இத்தனை வருஷமும் தப்புக் கணக்குப் போட்டுவிட்ட மாதிரி.

உள்ளறையிலிருந்து தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். செம்மண் நிறம், இடுப்பில் கட்ட உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த பட்டி. இங்கே யாரும் வாங்குவதில்லை, ஆம்பிளைகளுக்குத் தொப்பை இடிக்கிறது, மூன்று வருஷமாகக் கிடக்கிறது என்றார். நாய்த்தீனி இரண்டும் அதற்குள் போனது. இடுப்பெலும்புக்கு மேல் பட்டியை இறுக்கி, தோள் வார்களைத் தளர்த்தினார். கனம் தோளை விட்டு இறங்கி இடுப்பில் குந்தியது. நடந்தாள். தூண்டில், பூட்ஸ், கொசுவலை, திரும்பு. வாசலுக்கு வெளியே ஐந்தடி வரை போய்த் தூறலில் நின்றுவிட்டு வந்தாள். நாலு சுற்று, ஐந்து சுற்று. பட்டி வயிற்றுச் சதையைக் கடித்தது, கடிக்கட்டும், அங்கே கடித்தால் அது பட்டிதான், சந்தேகமில்லை. இடது வார் தழும்பின் மேல் சும்மா கிடந்தது. மூச்சு வாங்கியது, பதினோரு மாசம் படுத்துக் கிடந்த உடம்பு, வாங்கத்தான் செய்யும். இதிலும் முன்னால் நெஞ்சு வார் தொங்கிக்கொண்டிருந்தது. "கத்திரி இருக்கா?" "காசு குடுக்காம அறுக்கப் போறியா?" "ஆமா." அவர் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஒட்ட நறுக்கி, கொக்கியோடு கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.

ஒன்றுதான் இடித்தது. இதே மாதிரி இடுப்புப் பட்டி வைத்த மலிவான பை இன்னொன்று இருக்கிறதாம், ஒரு வருஷம் வரும், இரண்டு வருஷம் வரும், வேண்டுமானால் நாளைக்கு வரவழைத்துத் தருகிறேன் என்றார். இது விலை கூட, ஆனால் பத்து வருஷம் காரண்டி. பத்து வருஷம். டாக்டர் ஐந்து வருஷக் கணக்குத்தான் சொல்லியிருந்தாள், ஐந்தைத் தாண்டிவிட்டால் பயமில்லை மக்சிக் என்று. ஐந்தில் இன்னும் ஒன்றுகூட முடியவில்லை. ஒரு வருஷத்துப் பையே போதுமோ? யாருக்குப் போதும்? செவ்வாய்க்கிழமை அந்தத் தாளில் என்னதான் எழுதியிருக்கட்டுமே, நல்லதோ கெட்டதோ, அதைப் பார்த்துவிட்டுத்தான் பையின் ஆயுசைத் தீர்மானிக்கவேண்டுமா? வெட்கக்கேடு. பிறகு அந்த மலிவுப் பை கொல்லையில் தொங்கும், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், நீ நம்பவில்லை, நீயே உன்னை நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். மாட்டாள். மாட்டவே மாட்டாள். அவள் பணத்தை எடுத்து வைத்தாள். நறுக்கிய பைக்குக் காரண்டி உண்டா என்று கேட்டாள். நெஞ்சு வாருக்குக் கிடையாது, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு என்று ஆ மெங் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மஞ்சள் அட்டையை எடுத்து அவள் பேரை எழுத ஆரம்பித்தார்.

"பத்து வருசத்துக்குள்ள தையல் விட்டுச்சு, பட்டி அறுந்துச்சுன்னா நேரா எங்கிட்டக் கொண்டா, பூங்கா. புதுசு தர்றேன்."

"நான் கொண்டாந்துருவேன். நீ இருப்பியா, தவுக்கே?"

ஆ மெங்கின் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பூங்காவனம் பட்டியை இன்னொரு பிடி இறுக்கிக்கொண்டாள்.

"எளுது," என்றாள். "தேதி எளுது."